‘என் மகன் சங்கத்தில் சேரலாமா?’

புதுவாயலில் இருந்து ஒரு தாய் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலம். சொர்ணவாரியிலும் நவரையிலும் நெல், கூடவே இரண்டு கறவை மாடு. மூத்த மகன் ஐ.டி.ஐ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான்கு வருடமாகக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். உரக்கடை பாக்கியும் நகைக்கடன் வட்டியும் அவன் சம்பளத்தில்தான் அடைகின்றன.

போன மாதம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் மடித்த தாள் ஒன்று இருந்திருக்கிறது. தொழிற்சங்க உறுப்பினர் படிவம். பெயர் எழுதியிருந்தது, கையெழுத்து இல்லை.

“இன்னாடா இது? நமக்கு எதுக்கு இதெல்லாம்? வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“நான் ஒருத்தன் போய்க் கேட்டா, வெளியே போன்னுவாங்கம்மா. எல்லாரும் சேந்து கேட்டா, உக்காருப்பா பேசலாம்னுவாங்க.”

“அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் ஓட்டு போடறோமே, அது போதாதா?”

மகனிடம் பதில் இல்லை. படிவம் இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ‘ஓட்டு இருக்கும்போது சங்கம் எதற்கு? என் மகன் கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?’ என்பது அந்தத் தாயின் கேள்வி.

இந்தப் பகுதிக்கு வழக்கமாகப் பூச்சியும் உரமும் பற்றித்தான் கேள்விகள் வரும். ஆனால், இந்தக் கேள்வியும் வயலில் இருந்து வந்ததுதான். பதில் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குகிறது.

ஓட்டுக்கு முன்பே வந்த சங்கம்

கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால், சென்னைக்குள் நுழையும்போது பேசின் பிரிட்ஜ் வரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பெரம்பூர் பக்கம்தான் பக்கிங்காம் மில்லும் கர்நாட்டிக் மில்லும் இருந்தன. ‘பின்னி மில்’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வர முடியும். நடுவில் சாப்பிட அரை மணி நேரம். ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும்.

செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் இந்தக் கஷ்டத்தை பி.பி.வாடியாவிடம் கொண்டு போனார்கள். 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறிக்கின்றன. சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தை நீட்ட வேண்டும் என்பது.

அந்த மில் தொழிலாளிக்கு அப்போது ஓட்டு கிடையாது. சொத்தும் வரியும் உள்ள சிலருக்குத்தான் ஓட்டு. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் வந்தது. அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே கூட்டம் கூடவும், கோரிக்கையைத் தீர்மானிக்கவும், தங்கள் சார்பில் பேச ஆள் அனுப்பவும் சங்கத்தில் பழகிக்கொண்டார்கள். ‘முதலாளி சொன்னால் சரி’ என்று இருந்தவர்கள், ‘எங்களையும் கேட்டுச் செய்யுங்கள்’ என்று சொல்லக் கற்ற இடம் அது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள் என்று, சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அவர்களுக்குத் தடை போட்டது. கடைசியில், வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற பேச்சின் பேரில்தான் வழக்கு முடிந்தது. கூலி கேட்கக் கூடினாலே வழக்கு பாயும் என்றால் யார் சங்கம் வைப்பார்கள்? இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1921-ம் ஆண்டு மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மீது, தொழில் தகராறுக்காக அப்படி நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

அதே சட்டம் சங்கத்துக்கும் கட்டுப்பாடு வைத்தது. நிர்வாகிகளை நியமிப்பதற்கும் நீக்குவதற்கும் விதி எழுதி வைக்க வேண்டும். வருடா வருடம் கணக்குத் தணிக்கை நடக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு வசதி தர வேண்டும். நிர்வாகிகளில் பாதிப் பேராவது அதே தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். கணக்கைக் காட்டு, ஆளை மாற்றும் உரிமையைக் கொடு என்ற இந்த இரண்டும்தானே ஜனநாயகத்தின் அடிப்படை?

வயலில் எழுந்த சங்கம்

தொழிற்சாலைக்கு மட்டும்தான் சங்கம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. தென் கன்னடத்தில் இருந்து வந்த பி.சீனிவாசராவ் 1940-களில் அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். அடிக்கக் கூடாது, சாணிப்பால் கொடுக்கக் கூடாது, கூலி நெல்லைச் சரியான அளவில் அளக்க வேண்டும் என்பவைதான் கோரிக்கைகள்.

1952-ம் ஆண்டு தொடக்கத்தில் முதல் பொதுத் தேர்தல் முடிந்தது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம், ராஜாஜி தலைமையிலான அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு உழுதவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று ஆனது. நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றும் ஆனது. சங்கம் மட்டும் இருந்தபோது கோரிக்கை இருந்தது. ஓட்டும் சேர்ந்தபோது அது சட்டம் ஆனது.

சட்டம் வந்தபிறகும் கூலிப் போராட்டம் ஓயவில்லை. 1968-ம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். 1969-ம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதுவாயல் தாய் நடவுக்கு ஆள் வைக்கிறார், கூலி கொடுக்கிறார். நடவுக்கூலி ஏறினால் அவருக்குக் கஷ்டம்தான். மகனுக்குச் சங்கம் நல்லது என்றால், நாற்று நடும் பெண்களுக்கும் சங்கம் நல்லதுதான். ஒரே வீடு இரண்டு பக்கமும் நிற்கிறது. இதற்கு வழி, கூலியை அமுக்குவது இல்லை. கூலி கொடுக்க முடிகிற அளவுக்கு நெல்லுக்கு விலை கேட்பது. அதைக் கேட்கவும் சங்கம்தான் வேண்டும்.

ஒரு பைசாவுக்காக

மோட்டார் சுவிட்சைப் போடும்போது கரன்ட் பில்லை நினைக்காத தலைமுறை இப்போது வந்துவிட்டது. அது சும்மா வந்ததல்ல. 1970-ம் ஆண்டு, பம்ப்செட் மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவில் இருந்து 10 பைசாவாக உயர்ந்தபோது, கோவைப் பகுதி விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளம்பினார்கள். ஜூன் மாதம், பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு ஒரு பைசாவைக் குறைத்தது. 1972-ம் ஆண்டு கட்டணம் திரும்பவும் ஏறியபோது, கோவை நகரச் சாலைகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்து வந்த ஒவ்வொரு தேர்தலிலும் பம்ப்செட் மின்சாரம் பேசப்படும் விஷயமானது. 1984-ம் ஆண்டு சிறு விவசாயிகளுக்கும், 1990-ம் ஆண்டு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது.

எந்தக் கட்சி கொடுத்தது என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். கேட்டது யார் என்று பெருமாநல்லூரில் இருக்கும் நினைவிடம் சொல்லும்.

இரண்டு தேர்தலுக்கு நடுவில்

‘ஓட்டு போதாதா?’ என்ற கேள்விக்குச் சமீபத்திய உதாரணமே இருக்கிறது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. கும்மிடிப்பூண்டியோ ஸ்ரீபெரும்புதூரோ, ஷிப்ட் பார்க்கும் எல்லார் வீட்டிலும் அந்தச் சட்டம் நுழைந்திருக்கும். எல்லாக் கொடிகளின் தொழிற்சங்கங்களும், ஆளும் கட்சியின் சங்கம் உட்பட, எதிர்த்தன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்தி வைத்தது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஓட்டு மட்டும்தான் ஆயுதம் என்றால், அடுத்த தேர்தலுக்கு மூன்று வருடம் காத்திருந்திருக்க வேண்டும். அதற்குள் உடம்பு தாங்கியிருக்காது.

மூன்று வேளாண் சட்டங்களின் கதையும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. விவசாயிகள் டெல்லிக்குப் புறப்பட்ட 2020 நவம்பர் 26 அன்றே, மத்தியத் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தமும் நடந்தது. ஒரு வருடம் டெல்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் ரத்தாயின. சட்டம் போடும் அதிகாரத்தைக் கொடுத்தது ஓட்டு. ‘இது தப்பு’ என்று தடுத்து நிறுத்தியது சங்கம்.

கடல் கடந்து போனால் போலந்து நாடு இருக்கிறது. அங்கே ஒரே கட்சி ஆட்சி; தொழிற்சங்கம்கூட அரசாங்கத்தின் கையில்தான். 1980 ஆகஸ்டில், கதான்ஸ்க் கப்பல் தளத்தில் அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்ணை, ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது வேலையை விட்டு நீக்கினார்கள். அவருக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில்தான் ‘ஒற்றுமை’ சங்கம் பிறந்தது. அங்கிருந்த சிறு விவசாயிகளும் எங்களுக்கும் சுதந்திரமான சங்கம் வேண்டும் என்று போராடி, 1981 மே மாதம் ‘கிராமப்புற ஒற்றுமை’ என்ற பெயரில் பதிவு வாங்கினார்கள். அதே வருடம் டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்து தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனாலும், 1989-ம் ஆண்டு அரசு அவர்களோடு மேஜையில் உட்கார்ந்து பேசியது. ஜூன் மாதம் தேர்தல் வந்தது. அங்கே ஓட்டுக்கு உயிர் கொடுத்ததே சங்கம்தான்.

சங்கம் கெடுவது எங்கே?

சங்கம் என்றாலே எல்லாம் நல்லது என்று சொன்னால் அது பொய். பெரம்பூர் மில்லிலேயே 1921-ம் ஆண்டு வேலைநிறுத்தம் பல மாதங்கள் இழுத்து, தோற்றுப்போனது. காரணங்களில் பெரியது சாதி. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை. தெருவில் தள்ளி வைத்தவர்களை, மில் வாசலில் மட்டும் ‘நாம் எல்லாம் ஒன்று’ என்று கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? அந்த விரிசலை நிர்வாகமும் அரசும் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சம்பளத்துக்காகத் தொடங்கிய போராட்டம் சாதிச் சண்டையாக முடிந்தது.

இன்றைய சிப்காட்டில் அதே விரிசல் வேறு உருவத்தில் இருக்கிறது. ஒரே மெஷினில் நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, பயிற்சியாளர் என்று மூன்று சம்பளம். பக்கத்தில் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பிள்ளைகள். ‘அவங்களால்தான் நம்ம கூலி குறையுது’ என்று பேசுகிற சங்கம் 1921-ஐத் திரும்ப நடத்துகிறது. அவர்களையும் உள்ளே உட்கார வைக்கிற சங்கம்தான் நிற்கும்.

தலைவர் ஒருவரே இருபது வருடம் நாற்காலியில் இருப்பது, சந்தாவுக்கு ரசீது இல்லாதது, கட்சிக்காரர் சொன்னால் போராட்டம், சொன்னால் வாபஸ் என்பவையும் சங்கத்துக்குப் பிடிக்கும் நோய்கள்தான். பயிரில் நோய் வந்தால் நோயைத்தான் பார்ப்பார்கள். விவசாயத்தையே விட்டுவிட மாட்டார்கள்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

சங்கம் வைப்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு கொடுக்கும் உரிமை. 2011-ம் ஆண்டு செய்யப்பட்ட 97-வது திருத்தத்தின்படி, அந்த வரியில் ‘கூட்டுறவுச் சங்கங்கள்’ என்ற வார்த்தையும் சேர்ந்தது. மகனின் தொழிற்சங்கமும், தாய் நகைக்கடன் வாங்கிய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் சட்டத்தில் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

1926-ம் ஆண்டு சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் இதை நடைமுறைப்படுத்தியது. அந்த இளைஞர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ வேலை பார்ப்பவர்களில் 10 சதவிகிதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். படிவத்தில் சங்கத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், 51 சதவிகிதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்றதுதான் நிர்வாகத்தோடு பேசும் சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அந்த அளவு இல்லை என்றால், பேச்சுவார்த்தைக்கு ஒரு குழு அமைக்கப்படும்.

* சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவது, ‘நியாயமற்ற தொழில் நடவடிக்கை’ என்று சட்டம் சொல்கிறது. இதற்காக வழக்குப் போடலாம். ஆனால், வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம். நிரந்தரத் தொழிலாளியைவிடக் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. அதனால், தனியாக முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவதைவிட, கூட வேலை செய்பவர்களோடு பேசி, சேர்ந்து போடுவது பாதுகாப்பு.

* வேலைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, 14 நாள் கழிய வேண்டும். பாதிப் பேருக்கு மேல் ஒரே நாளில் லீவு போட்டாலும் இப்போது அது வேலைநிறுத்தமாகத்தான் கணக்கு. அவசரப்பட்டு இறங்கச் சொல்லும் தலைவரிடம், அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டதா என்று முதலில் கேட்க வேண்டும்.

* காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஏமாற்றினால், அந்தச் சம்பளத்தைத் தரும் பொறுப்பு வேலை வாங்கிய நிறுவனத்துக்கு உண்டு. சம்பள ரசீது, அடையாள அட்டை, பி.எஃப் எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

* பிரச்னை வந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்களுக்கு இருப்பதுபோலவே, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சட்டப்படி இந்த உரிமை உண்டு.

சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். போன வருடக் கணக்கைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்களா? கடைசித் தேர்தல் எப்போது நடந்தது? வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அங்கே இடம் உண்டா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், அது சேரக்கூடிய சங்கம். ‘அதெல்லாம் உனக்கு எதுக்கு?’ என்று பதில் வந்தால், படிவம் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும். ஆனால், சங்கமே வேண்டாம் என்று முடிவெடுக்க அது காரணம் இல்லை. வேறு சங்கம் பார்க்கலாம். இல்லை, உள்ளே போய்த் தேர்தல் கேட்கலாம்.

இதே மூன்று கேள்விகளை, தாயும் தன் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. மே 1 தொழிலாளர் தினம். சென்னைக் கடற்கரையில் 1923-ம் ஆண்டு சிங்காரவேலர் முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தினார். தமிழ்நாட்டில் அதே மே 1 அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. மகனுக்குச் சிப்காட்டில் விடுமுறை. ஏரி மதகு சரியில்லை, நூறு நாள் வேலைச் சம்பளம் வரவில்லை, ஊர்க் கால்வாயில் கழிவு கலக்கிறது என்று கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும், அன்றைக்கு எழுந்து கேட்கலாம். தீர்மானமாக எழுதச் சொல்லலாம். தனியாகக் கேட்டால் குரல் நடுங்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேரையும், தெருப் பெண்கள் பத்துப் பேரையும் முதல் நாளே பேசி அழைத்துக்கொண்டு போனால் நடுங்காது.

அப்படி ஒருமுறை போய் வந்த பிறகு, மகன் எதற்குப் படிவம் வாங்கி வந்தான் என்பது தாய்க்கே புரிந்துவிடும்.